லேப்டாப்புக்குச் சீட்டுக் குலுக்கிய நைனா

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை குப்பங்களிலும் சேர்த்து, சொந்தப் புத்தியால் ஒரு முடிவும் எடுக்காமல் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் குலுக்கல் நைனாதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரரைத் தவிர யாரும் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை.

எதற்கெடுத்தாலும் சீட்டு. ஒருமுறை சலூனில் பாதி மீசையை எடுத்த பிறகுதான், குலுக்காமல் வந்து உட்கார்ந்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. சோப்பு நுரையோடு எழுந்துபோய்ச் சீட்டு எழுதிப் போட்டார். மீசை இருக்கட்டும் என்று வந்தது. எடுத்த பாதி வளர்ந்து சேரும்வரை மிச்சப் பாதியோடு ஊரெல்லாம் நடமாடினார். "பாக்கவே பயமாக்கீது நைனா, அதையும் எடுத்துடேன்" என்றேன். "எனுக்கு மட்டும் சோக்காவா கீது? சீட்டு வந்துச்சே, இன்னா பண்றது?" என்றார்.

பல் வலி வந்தபோது அக்கம் பக்கத்து இரண்டு பற்களில் எது வலிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. குலுக்கினார். பொன்னேரியில் பல் டாக்டர், "யோவ், இது நல்ல பல்லுய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, நைலான் நூலைக் கட்டி, அந்த நல்ல பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டார். ஓட்டுப் போடுவதும் சீட்டுப் பார்த்துத்தான். அதை இரண்டு கட்சிக்காரர்களிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்பதால், தேர்தல் சமயத்தில் ஊருக்கே பிரியாணி கிடைக்கும், அவருக்கு மட்டும் கிடைக்காது.

அவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. அதனால் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துத்தான் தொழிலுக்குப் போவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மோசமான இடம் வந்தவன் முனகக் கூடாது. மீறினவனுக்கு ஏரியில் முறை கிடையாது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்தவன் நான். ஒரு துண்டுக் காகிதத்துக்கு அத்தனை பேரும் கட்டுப்படுவதைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன். நைனாவின் குப்பத்தில், அந்தச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கும் சொம்பு அவர் பொறுப்பில்தான் இருந்தது. மற்றவர்கள் ஏரிக்கு மட்டும் வைத்திருந்ததை அவர் வீட்டுக்கும் கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான்.

நான் அப்போது பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ், லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். உப்புக் காற்றில் மிஷின்கள் துருப்பிடிக்க, கூடவே நானும் துருப்பிடித்துக்கொண்டிருந்த காலம். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நைனாவும் அவர் மகள் அமுதாவும் படகில் வந்து இறங்கினார்கள். நைனா தலையில் ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி. திறந்தால் உள்ளே பாலிதீன் கவரில் சுற்றிய குட்டி லேப்டாப். நனையாமல் வருவதற்காம். அதற்கப்புறம் அந்த லேப்டாப்பை எப்போது தொட்டாலும் கையில் இறால் வாடை அடித்தது.

அமுதா பொன்னேரி காலேஜில் பி.காம் கடைசி வருஷம். சென்னையில் இருக்கும் மாமா பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தார். அதிலிருந்த விண்டோஸ் கெட்டுப்போய், திறந்தால் நீலமாக முழித்தது. புதிதாக ஏதாவது போட்டாக வேண்டும்.

"விண்டோஸே போடுங்கண்ணா. கணக்கு சாஃப்ட்வேர் அதுலதான் ஓடுமாம்" என்றாள் அமுதா.

"இதுல ராம் கம்மி, டிஸ்க்கும் துக்குணூண்டு. விண்டோஸ் போட்டா நொண்டும். லினக்ஸ் போட்டுக்கோ, பறக்கும்" என்றேன் நான்.

"ரெண்டையும் போட்டுடேன்" என்றார் நைனா.

"இடம் பத்தாது நைனா."

அவ்வளவுதான், அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்கோ? குலுக்கிட்டா தீந்துச்சு!"

ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா, தான் என்னத்துக்கு எடுக்கிறோம் என்றே தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். லினக்ஸ் வந்தது.

போட்டுக் கொடுத்தேன். சொன்ன மாதிரியே பறந்தது. ஆனால் அமுதாவுக்கு வேண்டிய கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் அசைய மாட்டேன் என்றது. நானும் என்னென்னமோ செய்து பார்த்தேன், ஊஹும். இதற்கிடையில் பொன்னேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்த லேப்டாப்போடு வந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஏரியில் வரவர மீன் இல்லை. அந்த வீட்டுக்கு வேறு வழியும் இல்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் காலையில் மறுபடியும் மழையில், மீன் பெட்டியோடு இரண்டு பேரும் வந்தார்கள்.

"அண்ணா, இத அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக் குடுங்க."

"வேணாம் தம்பி" என்றார் நைனா. "சீட்டுல வந்தத மாத்தக் கூடாது."

"இது இன்னா ஏரிப் பாடா நைனா? லேப்டாப்பு!" என்றாள் அமுதா.

"எதுவா இருந்தா இன்னா? இன்னைக்கு இத மாத்துனா, நாளைக்கு எவன் சீட்டுக்கு மதிப்புக் குடுப்பான்?"

"அப்போ எனுக்கு வேலை வேணாமா?"

"சீட்டு அப்புடி வந்துச்சேமா..."

அமுதா அழவில்லை. கத்தவும் இல்லை. "அம்மாவுக்கும் சீட்டுதான போட்ட?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தக் கதை தெரியும், ஊருக்கே தெரியும். அமுதா ஸ்கூல் படிக்கும்போது அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கியது. பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரியா, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நைனா குலுக்கினார். பட்டணம் என்று வந்தது. போகிற வழியில், வேனிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டு அப்படி வந்தது, நீ என்ன செய்வாய் என்று ஊரார் தேற்றினார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் இத்தனை வருஷம் சாப்பிட்டார், தூங்கினார். சீட்டு தப்பாகாது என்று இருந்தால்தான் அவர் தப்பு செய்யாதவர். லேப்டாப்புக்கு வந்த சீட்டைத் தப்பு என்று மாற்றிவிட்டால் மனைவிக்கு வந்த சீட்டும் தப்பாகிவிடும். பாதி மீசையைப் பார்த்து அத்தனை சிரித்த எனக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது.

நைனா ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே மழை விட்ட பாடில்லை. நான் துடைக்கத் தேவையில்லாத ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி" என்றார் கடைசியில். "அத அழிச்சிடு. விண்டோஸ் போடு."

"நைனா, சீட்டு..." என்று இழுத்தேன்.

"சீட்ட வுடு. நான் சொல்றேன், போடு."

போட்டேன். அந்தப் பழைய லேப்டாப்பில் அது ஏறுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் ஏறிய எண்களை விட்டு அவர் கண் நகரவேயில்லை. பாதியில், யாரையும் பார்க்காமல் கேட்டார்: "அன்னைக்கும் நானே சொல்லி இருக்கலாம், இல்ல?"

அமுதா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இருக்கலாம் நைனா. அப்பவும் அம்மா நம்மள விட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

அவர் பெண்ணின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

அமுதாவுக்கு அந்த வேலை கிடைத்தது. விண்டோஸ் திறப்பதற்குள் சோறு வடித்து, ரசமும் வைத்துவிடலாம் என்பாள். ஆனாலும் அதை வைத்துத்தான் ஒப்பேற்றினாள். நான் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன்.

நைனா இப்போது ஏரிக்கு மட்டும்தான் சீட்டுப் போடுகிறார். வீட்டு விஷயத்தில் சொம்பைத் தொடுவதில்லை. சரி, திருந்திவிட்டார் என்று சந்தோஷப்படத்தான் முடியவில்லை. குலுக்காமல் முடிவெடுக்க மனுஷன் பழகவே இல்லையே! சின்ன விஷயத்திலும் தடுமாறுகிறார். வீட்டில் மகளிடம் கேட்கக் கூச்சம். எனக்குத்தான் போன் வரும்.

"தம்பி, கூரைக்கு ஓலை போடட்டா, தகர ஷீட்டு போடட்டா?"

"ஷீட்டு போடு நைனா."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். தைரியமாப் போடு."

நான் ஒன்றும் யோசிப்பதில்லை. ஓலையைப் பற்றியோ ஷீட்டைப் பற்றியோ எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவர் கேட்டால் உடனே ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். தப்பாகப் போனால் பழி என் தலையில் விழட்டும், அவர் சுமந்தது போதும்.