மோதிர விரலில் நெஞ்சு வலி

“என்ன பண்ணுது கண்ணு?” என்று அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நர்ஸ் லொரெய்ன் கேட்டாள்.

டாரல் விரலை நீட்டினான். மோதிரம் கணுவைத் தாண்டி உள்ளே போய், வெளியே வர மறுத்துவிட்டது. விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“தம்பியோட மோதிரம் சிஸ்டர். மூணு மணிக்குப் பொண்ணு ஊரு சர்ச்சுல கல்யாணம். தம்பி கோரி, பொண்ணு டானிஸ். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். தொலைஞ்சிடக் கூடாதேன்னு போட்டுக்கிட்டேன்.”

அப்பாவின் லாரிச் சாவியை, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போட்ட ஓட்டைக்குள் நழுவ விட்டவன் டாரல். மோதிரத்தைக் கொடுக்கும்போதே கோரி, “இதையாவது...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டிருந்தான். அது டாரலுக்குக் காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. சோப்பு போட்டான், வெண்ணெய் தடவினான், பல்லால் இழுத்தும் பார்த்தான். விரல்தான் வீங்கியது.

லொரெய்ன் விரல் நுனியை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். “உனக்கு அஞ்சு.”

“அஞ்சுக்கு அஞ்சா?”

“இது பரீட்சை இல்ல. ஒண்ணுன்னா உயிர் ஊசலாடுதுன்னு அர்த்தம். அஞ்சுன்னா, போய் உக்காரு, கூப்பிடுறேன்னு அர்த்தம். இன்னிக்கு ஒரே டாக்டர்தான்.”

டாரல் திரும்பியதும், மூக்கு வரை கம்பளித் துணி சுற்றியிருந்த ஒரு பெரியவர் துள்ளி எழுந்தார். “ஆ... ஆ!” என்று மோதிரத்தைக் காட்டினார். பிறகு தன் மார்பைக் காட்டினார்.

“இது உங்களுக்கு இல்ல பெரியவரே, என் தம்பிக்கு” என்றான் டாரல்.

“அவரால பேச முடியாது. கொட்டாவி விட்டாரு, தாடை கழண்டு வாய் மூடல. அவருக்கு மூணு” என்றாள் லொரெய்ன்.

டாரல் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்த காய்ச்சல்காரக் குழந்தை அவனுக்கு முன்னால் உள்ளே போயிற்று. அதற்கும் பின்னால், பனிவண்டியோடு மரத்தில் மோதியவன் படுத்தபடியே போனான். இதெல்லாம் நியாயமா என்று டாரல் மனதுக்குள் பொருமினான்.

செல்போன் அடித்தது. கோரி.

“எங்கடா இருக்கே? கல்யாணத்துக்கு வர வேண்டியவங்க ஒருத்தரும் நேரத்துக்கு வரமாட்டீங்களா?”

“பாதி வழியில இருக்கேன்.”

“மோதிரம்?”

“கையிலேயே இருக்கு” என்றான் டாரல். அதில் பொய்யே இல்லை.

நேராகக் கண்ணாடியிடம் போனான். “என்னை முதல்ல அனுப்புங்க சிஸ்டர், கெஞ்சிக் கேக்குறேன்.”

பெரியவர் பின்னாலேயே வந்துவிட்டார். குளிரில் அணைந்துபோன தன் செல்போனைக் காட்டினார். காற்றில் எழுதுவதுபோல் விரலை ஆட்டி, டாரலின் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சுட்டினார்.

“புகார் எழுதப் போறீங்களா? அதுக்கு என் பேனாதான் கிடைச்சுதா?”

“ஆ! ஆ!” என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குள் லொரெய்ன் கதவைத் திறந்து பெரியவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். டாரலுக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஐயோ, நெஞ்சு!”

முதலில் வலது பக்கத்தைப் பிடித்தான். பிறகு திருத்திக்கொண்டான்.

லொரெய்னின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “நெஞ்சுன்னு வாயால சொல்லிட்டே. இப்ப உனக்கு ரெண்டு. பெரியவரே, நீங்க உக்காருங்க.”

உள்ளே அவன் மார்பு முடியை மழித்து ஒயர்களை ஒட்டினார்கள். லொரெய்ன் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் இறுக்கிச் சுற்றினாள். நாலு திருப்பு, மோதிரம் கையோடு வந்தது.

“இதுக்கு டாக்டரே வேண்டாம். அந்தப் பெரியவரை உள்ள விட்டுட்டு வந்து, நானே எடுத்துவிட்டிருப்பேன்.”

டாரல் துள்ளிக் குதித்து இறங்கினான்.

“எங்க கிளம்பிட்டே?”

“மோதிரம்தான் வந்துடுச்சே!”

“நெஞ்சு வலி? கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும்.”

“அது சும்மா சொன்னது சிஸ்டர்!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் அப்படியே சொல்லிட்டு வாசல் வரைக்கும் போனார்.”

“அப்புறம்?”

“வாசல் வரைக்கும்தான்.”

டாரல் திரும்ப ஏறிப் படுத்தான். இப்போது நெஞ்சு நிஜமாகவே படபடத்தது. திரையைப் பார்த்த டாக்டர், “இவ்வளவு வேகமாவா துடிக்குது?” என்று பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி வந்தது, போனது. டாரல் மோதிரத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அழுதான். தொலைக்காமல் வைத்திருந்தும் கெடுத்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. கோரியின் அழைப்புகளை எடுக்கவும் தைரியம் வரவில்லை.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று அவனை விட்டபோது வெளியே இருட்டிவிட்டது. வாசலில் அந்தப் பெரியவர், தாடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க பெரியவரே, உங்க முறையை நான் பிடுங்கிட்டேன். அதுக்குத் தண்டனை, என் தம்பி கல்யாணம் என்னாலயே நின்னு போச்சு.”

பெரியவர் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து, வாயை ஒருமுறை மெல்லத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார்.

“அதைத்தானே தம்பி அப்பவே ஆ, ஆன்னு சொன்னேன். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கக் கிளம்பின பாதிரியார் நான்தான்.”