பத்து டிசம்பர் அளவில் ஒரு சட்டை

அன்பும் முன்கோபமும் சம அளவில் வாய்த்த என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே உன் கோபம் தவிர மற்ற அனைத்தும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரிக்குத் தோள்வலி குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தையும் பாதியில் வைப்பாய்தான், ஆனால் மீதி எங்கேயும் ஓடிப்போகாது, கோபம் தணிந்ததும் எடுத்துப் படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி எழுதிய லைப்ரரியை உன் தையல் யூனிட்டிலிருந்து தூக்கி எறிந்துவிட்டாய். திங்கட்கிழமை அடுத்த பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் ஆர்டர் வருகிறது, இனிமேல் கட்டிங் சீட்டு எல்லாம் கையால்தான் எழுத வேண்டும் என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாயாம். தம்பி, அந்த லைப்ரரியை இந்த உலகத்தில் பயன்படுத்திய ஒரே ஆள் நீதான். நீயும் வேண்டாம் என்றதும் பிள்ளை லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, ஒன்றாம் தேதி முதல் போன் கடைக் கவுன்டரில் நிற்கப் போகிறேன் என்றாள். போன் கடை கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷமாகக் கண்ணாடி போட்டும் கண் சுருக்கியும் எழுதியவள், ஒரே ஒரு மத்தியானத்தில் நீ போட்ட சத்தத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டலாமா?

லைப்ரரி என்றால் என்ன என்று நீ கேட்கவே இல்லை. நான் கேட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எது புரியாதோ அதைத்தானே கேட்க முடியும், எனக்கு எதுவுமே புரியாததால் எல்லாவற்றையும் கேட்டேன். நீ காலர் பட்டியைத் தனியாகத் தைத்துக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறாய் அல்லவா, சட்டை தைக்கிறவர் புதிதாகக் காலர் வெட்டாமல் அதை எடுத்து வைத்துத் தைத்துக்கொள்வார். அதுதான் லைப்ரரி. புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்து வைத்துத் தைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் காலர். இவளுடைய காலருக்கு வேலை என்னவென்றால், கட்டம் கட்டமாக இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை எடுத்து, மனுஷர் படிக்கிற மாதிரி அச்சடித்துக் கொடுப்பது. பள்ளிக்கூடம் ஷீட் அனுப்பும், லைப்ரரி அதைப் படிக்கும், கட்டிங் சீட்டு வரும், மாஸ்டர் வெட்டுவார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கும் அப்படித்தான் இருந்தது, பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் உனக்குத் தெரிந்தது உன் பக்கம் மட்டும். அளவு என்று போட்ட இடத்தில் பள்ளிக்கூடம் ஒழுங்காக 4-6, 6-8, 8-10, 10-12 என்றுதான் எழுதியிருந்தது. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளை, ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளை, இப்படி. லைப்ரரி அதைப் பார்த்தது. ஓஹோ, இது தேதி என்று தானாக முடிவு செய்துகொண்டது. சீட்டில் அளவுக்குக் கீழே நாலு ஜூன், ஆறு ஆகஸ்ட், எட்டு அக்டோபர், பத்து டிசம்பர் என்று வந்துவிட்டது. சரி, அது இயந்திரம். மீசை முளைத்ததிலிருந்து சட்டை தைக்கிற உனக்கு என்ன வந்தது? அளவு என்ற தலைப்பின் கீழே டிசம்பர் இருந்தால் ஒரு மனுஷன் கேட்க வேண்டாமா? நீ என்ன சொன்னாய் என்று பட்டன் கட்டுகிற பெண் எனக்கு அப்படியே சொல்லிவிட்டாள்.

"ஐயய்யோ, நாலு ஜூன் போன வாரமே முடிஞ்சுபோச்சு! சின்னதுங்களோடத முதல்ல தைங்க! பெருசுங்களுக்கு டிசம்பர் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க, ரொம்ப நல்ல பள்ளிக்கூடம்பா!"

அளவைத் தேதி என்று லைப்ரரி சொன்னது ஒரு தப்பு. அதை டெலிவரித் தேதி என்று நீ எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. முதல் தப்புக்கு மட்டும்தான் திட்டு விழுந்தது.

அடுத்தது துணி. துணியின் எண் நீளமான எண், சீட்டில் அதற்கு விட்ட இடம் குறுகல். இடம் போதாவிட்டால் எண்ணைப் பாதியில் வெட்டிக் காட்டக்கூடாது, அது பொய்யாகிவிடும் என்று, அந்த இடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட குறியை நிரப்பிவிடுமாம். இடம் பத்தவில்லை என்று அதற்கு அர்த்தமாம். கட்டிங் மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம்.

"கட்டம் போட்டிருக்கு. கட்டம் போட்ட துணிதான் கேட்டிருக்காங்க" என்றாராம்.

"மாஸ்டர், போன வருஷம் வெறும் நீலம்தானே?" என்று பட்டன் பெண் கேட்டதற்கு, "இது கம்ப்யூட்டர்ல வந்த காயிதம்மா. உன்னையும் என்னையும் விட அதுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கத்தரியை எடுத்துவிட்டார். அந்த அளவுக்கு நம்பிக்கை வைத்த மனுஷரையும் நீ திட்டினாயாம். பாவம்.

மூன்றாவதை எழுதச் சிரிப்பு வருகிறது, நீ சிரிக்காதே, உனக்கு இன்னும் உரிமை இல்லை. பாக்கெட் எம்ப்ராய்டரி என்று ஒரு வரிசை. வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்று. கம்ப்யூட்டர் தன் மனதுக்குள் வேண்டும் என்பதை ட்ரூ என்றும் வேண்டாம் என்பதை ஃபால்ஸ் என்றும் வைத்துக்கொள்ளுமாம். மனதுக்குள் வைத்திருப்பதை லைப்ரரி அப்படியே சீட்டில் கொட்டிவிட்டது. எம்ப்ராய்டரிக்காரம்மா கெட்டிக்காரி, ஒரு எழுத்து விடவில்லை. பாக்கெட் எம்ப்ராய்டரி கேட்ட சட்டையில் எல்லாம் மஞ்சள் நூலில் ஆங்கிலத்தில் ட்ரூ. ஒன்றுமே வேண்டாம் என்ற சட்டையில் எல்லாம் ஃபால்ஸ். பள்ளி திறப்பதற்கு முன்பு தலைமை ஆசிரியை பார்க்க வந்தபோது மேசையில் என்ன இருந்தது? குட்டிக் குட்டியாகக் கட்டம் போட்ட சட்டை மலைபோல, பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லை. அந்த அம்மா ஒரு கையில் ட்ரூவையும் ஒரு கையில் ஃபால்ஸையும் தூக்கிப் பிடித்தார்களாம்.

"என் பசங்கள்ல யாரு உண்மை, யாரு பொய்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அப்போதுதான் நீ எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் பேத்தியைப் பார்த்து, "தையல் சீட்டு கேட்டா காலண்டர் அடிச்சுக் குடுத்திருக்கியேம்மா! இந்தப் பக்கமே வராத" என்றாய். அவள் வீட்டுக்கு வந்ததும் தலையணை உறையைத் தேடினாள். அப்புறம், சின்னதுகளுக்குக் கட்டமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த அம்மா பெரிய மனது பண்ணியதும், நீங்கள் எல்லோரும் பெரிய பிள்ளைகளுக்கு நீலத் துணியில் விழுந்து விழுந்து தைத்து, பள்ளி திறக்கும் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், அதற்கு உனக்கு ஒரு சபாஷ். ஃபால்ஸ் பிரித்தது யார் என்று ஞாபகம் இருக்கட்டும். இந்த அக்காதான். ஆங்கிலத்தில் அது ஐந்து எழுத்து, நான் படித்த வகுப்புக்கு ஓர் எழுத்து. பிரித்துப் பிரித்து இப்போது கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. அந்த லேப்டாப் அலமாரிக்கு மேலே இரண்டு நாள்கூட இருக்கவில்லை. நான் ஃபால்ஸ் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டி, தாத்தா திட்டுனது சரிதான்."

"அவன் திட்டினதுல எதுடி சரி?"

"நான் ரொம்பப் புத்திசாலித்தனம் பண்ணிட்டேன். கட்டத்துக்குள்ள இருக்கிறது ஒண்ணு, வெளில தெரியிறது ஒண்ணு. உள்ள இருக்கிறது எழுத்துன்னு அந்தக் கட்டமே சொல்லுது. நான் கேக்காம, பார்த்தா தேதி மாதிரி இருக்கேன்னு மாத்திட்டேன்."

"அதாவது ஆளு வேற, அவன் போட்டிருக்கிற சட்டை வேற."

"ஆமா. ஆளு மாறவே இல்ல பாட்டி. 10-12 இப்பவும் உள்ள பத்திரமா அப்படியே இருக்கு. நான் தப்பான சட்டையப் போட்டு வெளில அனுப்பிட்டேன்."

"சட்டைதானேடி? நம்ம குடும்பத்துக்குச் சட்டை மாத்தத் தெரியாதா?"

அவள் அப்போதுதான் சிரித்தாள். நாற்காலி போட்டு ஏறி லேப்டாப்பை எடுத்தாள். நாற்காலியை நான்தான் பிடித்துக்கொண்டேன், அந்த அளவுக்கு இந்தத் திருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது அது என்ன செய்கிறது தெரியுமா? ஒவ்வொரு கட்டத்தின் வாசலிலும் நின்று, நீ எண்ணா, எழுத்தா, தேதியா, ஆமாம்-இல்லையா, காலியா என்று மரியாதையாகக் கேட்கிறது. எழுத்து என்றால் கைவைப்பதில்லை. தேதி என்று கட்டமே சொன்னால்தான் தேதி. ஆமாம்-இல்லை என்றால், என்ன வார்த்தை போடட்டும் என்று உன்னைக் கேட்கிறது, நீ வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவைத்தால் அதையே போடும். இடம் போதாவிட்டால் கோடு கோடாக நிரப்பாமல் அடுத்த வரிக்கு இறங்கி முழுசாக எழுதுகிறது. காலியான கட்டம் காலியாகவே வருகிறது. முன்பு அந்த இடத்தில் சைபர் போட்டுக்கொண்டிருந்ததாம். கை நீளம் எழுதாமல் விட்ட பிள்ளைக்கெல்லாம் மாஸ்டர் கையில்லாத சட்டை வெட்டியிருப்பார், நல்லவேளை நீ அதற்கு முன்பே கத்தினாய்.

சோதித்துப் பார்க்க நானே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவள் காட்டிய கட்டங்களில், வேண்டுமென்றே கோணல் கோணலாகத் தட்டினேன். அரை மீட்டர் எலாஸ்டிக்குக்கு 1/2 என்று போட்டேன், பழையது அதைப் பிப்ரவரி மாதம் ஆக்கியிருக்கும். சைபரில் தொடங்கும் போன் நம்பர் போட்டேன். ஒரு கட்டத்தில் உன் பெயரை, இன்னொன்றில் உன் கோபம் என்று எழுதிப் பக்கத்தில் பெரிய எண்ணாக ஒன்று போட்டேன். எல்லாம் போட்டது போட்டபடி வந்தது. உன் கோபம் மட்டும் நீளமாக இருந்ததால் இரண்டு வரிக்கு இறங்கியது. அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

ஆனால் உன்னிடம் வந்து கேட்க மாட்டேன் என்கிறாள். "வராதன்னு சொல்லிட்டாருல்ல பாட்டி" என்கிறாள். ரோஷம் எங்கிருந்து வந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை நீ கையாலும் எழுது, அவள் லைப்ரரியிலும் அடிக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே ஒரு டிசம்பர் வந்தால்கூட நானே வந்து உட்கார்ந்து உன் சீட்டு எல்லாவற்றையும் என் கையால் எழுதித் தருகிறேன். வரவில்லை என்றால் சுவரில் ஒட்டியதைக் கிழி. முதல் சட்டை நீ தைத்தபோது கழுத்துத் துவாரம் வைக்க மறந்தாயே, அதற்காக உன்னை யாரும் போன் கடைக்கு அனுப்பவில்லை. இன்னொன்றும் கேள்: அந்தத் தலைமை ஆசிரியை ட்ரூ தைத்த சட்டைகளைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு பொய் சொல்லக் கூச்சப்படுகிறார்களாம். இப்படிப்பட்ட தப்பு செய்கிறவள் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசி.

உனக்கும், உன் வீட்டுக்காரிக்கும், அவள் தோளுக்கும், கட்டிங் மாஸ்டருக்கும், ஓடுகிற மெஷின் அனைத்துக்கும், ஓடாமல் மூலையில் நிற்கும் அந்தப் பழைய மெஷினுக்கும் என் ஆசிகள். நூல் அறாமல் ஊசி உடையாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னைவிட மூத்தவளும் உன்னைவிடப் பொறுமைசாலியுமான
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதை உறையின் முதுகில் எழுதுகிறேன், தபால்காரர் படித்தால் படிக்கட்டும். பேத்தி இப்போதுதான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று வியாழக்கிழமையிலிருந்து அவள் போய்க்கொண்டிருந்தது உன் யூனிட்டுக்காமே! நீயே போன் செய்து கூப்பிட்டாயாமே! திங்கட்கிழமை வர வேண்டிய ஆர்டர் முன்கூட்டியே வந்து, புதிய சீட்டு எல்லாம் லைப்ரரியில் அடித்து, மாஸ்டர் வெட்டவும் தொடங்கிவிட்டாராமே! இரண்டு ஊர் தள்ளி இன்னொரு தையல் யூனிட்காரருக்கும் நீயே சொல்லி, அவரும் கேட்டிருக்கிறாராமே! ஆகையால் மேலே நான் எழுதியது எதுவும் எழுதப்படவில்லை என்று வைத்துக்கொள். தபால்தலை ஒட்டிய உறையை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். "உங்க பாட்டிகிட்ட மட்டும் சொல்லாத, ஊரெல்லாம் பெருமை அடிப்பா" என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அபாண்டம். நர்ஸம்மாவிடமும், கீழ்வீட்டாரிடமும், பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒருவரிடமும் மட்டும்தான் சொன்னேன். திங்கட்கிழமை சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு வை. யார் என்று யாராவது கேட்டால், உன் அக்கா என்று சொல்லிவிடாதே, லைப்ரரி எழுதிய பெண்ணின் பாட்டி என்று சொல்.