ஊரையே முதலாளியாக்கிய உபகாரம்

சம்பளம் கொடுக்காத முதலாளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சம்பளம் கொடுத்துவிட்டுச் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுகிற முதலாளியையும் பார்த்திருப்பீர்கள். தன்னிடம் வேலை பார்க்கிறவர்களை எல்லாம் 'முதலாளி' என்று கூப்பிட்டே வேலை வாங்கும் இனம் ஒன்று உண்டு. அதைப் பார்த்திருக்கிறீர்களா? சமவெளியிலும் கிடைக்கும் என்றாலும் குளிர்ப்பிரதேசத்தில்தான் அது நன்றாகச் செழிக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் அப்படிச் செழித்தவர் உபகாரம்.

ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அங்கே வருகிறவர் போகிறவர் எல்லாம் "ஏய் உபகாரம்" என்று கூப்பிட்டதில் மனம் புண்பட்டிருந்தார். அதனால் வேலையை விட்டுவிட்டு ஏரிக்கு இறங்கும் சாலையில் யூகலிப்டஸ் தைலக்கடை போட்ட அன்றே, தனக்குக் கீழே வேலைக்காரர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது என்று வைராக்கியம் எடுத்தார். உயர்ந்த வைராக்கியம். வேலைக்காரர் என்று ஒருவர் இருந்துவிட்டால் அவருக்கு மாதச் சம்பளம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, காய்ச்சல் வந்தால் மருந்து என்று ஆயிரம் இருக்கிறது. அதற்காக எடுத்த வைராக்கியம் என்று சொல்கிறவர்கள் நாக்கு அழுகிப் போகும்.

கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார். 'பகுதிநேரச் சுயதொழில்! ஆண், பெண் இருபாலரும் வரலாம்! உங்களுக்கு நீங்களே முதலாளி!' என்று பெரிய எழுத்து. அதன் கீழே சின்ன எழுத்தில், 'பிற்பகல் இரண்டு மணி முதல் இருட்டும் வரை. தாமதமாக வருகிறவர்கள் தேவையில்லை.'

அந்தப் பலகையைப் பார்த்து வந்தவர்களில் ஒருத்தி செல்வமேரி. காலையில் ஒரு விடுதிச் சமையலறையில் காய் நறுக்குவாள். கணவன் லாரியில் கிளீனர். எப்போதாவது மலையேறி வருவான். இரண்டு பெண்பிள்ளைகள். மதியத்துக்கு மேல் ஏதாவது சோலி கிடைத்தால் நல்லது என்று வந்து நின்றாள்.

"சோலின்னு சொல்லாதம்மா," என்றார் உபகாரம், காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக. "இது தொழில். நான் உனக்கு முதலாளி கெடையாது. நீயும் நானும் பார்ட்னர். வண்டி தாரேன், சரக்கு தாரேன், வித்த காசுல உன் பங்க எடுத்துக்க. உன்ன ஏன்னு கேக்க ஆளு கெடையாது."

தள்ளுவண்டியும் தைலப்புட்டிகளும் பேரிக்காய் ஜாமும் வந்தன. கூடவே ஒரு நீல ஸ்வெட்டரும் வந்தது. செல்வமேரிக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளை யாரும் பார்ட்னர் என்று சொன்னதில்லை.

ஏன்னு கேட்க ஆள் கிடையாது என்றாரே, அது உண்மைதான். ஆள் அனுப்பமாட்டார். அவரே வருவார். கழுத்தில் மப்ளர், கக்கத்தில் குடை, முகத்தில் ஒரு தகப்பனின் கவலை. ஏரியைச் சுற்றி நிற்கும் தன் நாலு வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இங்கே புட்டியின் முகம் ரோட்டைப் பார்க்கவில்லை, அங்கே ஜாம் மேல் தூசி, ஸ்வெட்டர் பொத்தான் திறந்து கிடக்கிறது, சுற்றுலாக்காரன் வரும்போது முக்காலியில் உட்கார்ந்தால் வியாபாரம் எப்படி விளங்கும் என்று குறை பொறுக்கிக்கொண்டே போவார். வியாபாரம் நன்றாக இருந்த நாளில் அவள் 'முதலாளியம்மா'. மந்தமான நாளில் 'ஏ செல்வமேரி'. இந்த ஒன்றை வைத்தே அன்றைய வசூலைப் பக்கத்து வண்டிக்காரர்கள் கணித்துவிடுவார்கள்.

சின்ன மகளுக்கு அம்மை வார்த்திருந்தபோது செல்வமேரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், ஒரு வாரம் லீவு வேணும்."

உபகாரம் உண்மையிலேயே திகைத்தார். "லீவா? முதலாளிக்கு யாரும்மா லீவு குடுக்க முடியும்? உன் தொழில், நீ வந்தா வா, வராட்டிப் போ."

"அப்ப வரலைங்க சார்."

"தாராளமா. ஆனா அந்த எடம் சும்மா கெடக்காது பாத்துக்க. கேட்டு வந்து நிக்கிறாங்க நெறையப் பேரு."

மறுநாள் அவள் வந்தாள். பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, வேப்பிலை வாசத்தோடு வந்து தைலம் விற்றாள். அன்றைக்கு உபகாரம் வீட்டில் மனைவியிடம் பெருமைப்பட்டார். "பாத்தியா கித்தேரி? நான் ஒரு வார்த்த கட்டாயப்படுத்தல. சொந்தத் தொழிலுன்னா அந்த அக்கறை தானா வரும்."

கித்தேரியம்மாள் துவைத்த துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கி என்னையும் இந்த வீட்டுக்கு முதலாளின்னுதான் சொன்னீங்க. அன்னிக்குக் குனிஞ்சவ, இன்னும் நிமிரல."

உபகாரத்துக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் காதில் விழாது. இந்த இனத்துக்கே அப்படி ஒரு செவி.

அந்த வருஷம் மே மாதச் சீசனில் கூட்டம் அலைமோதியது. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். தைலம் பற்றாமல் போயிற்று. உபகாரம் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இருந்த தைலத்தோடு டர்பன்டைனைக் கலந்து, மூடியை ஒட்டி, வண்டிகளுக்கு அனுப்பினார். பெயிண்டுக்கு ஊற்றுகிற அதே டர்பன்டைன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் செல்வமேரியிடம் ஒரு புட்டி வாங்கிற்று. தாத்தாவுக்கு நெஞ்சில் சளி. நன்றாக அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு சிவந்து கொப்புளம் எழும்பி, பெரியவர் துடித்துப்போனார். மகன் அவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். செல்வமேரியை வண்டியோடு கூட்டிவந்தார்கள். செய்தி கேட்டு உபகாரமும் ஓடிவந்தார். காப்பாற்றத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுவேல் கேட்டார்: "வண்டிக்கடை யாருது?"

"இந்த அம்மாவோடதுங்க சார்," என்றார் உபகாரம், ஒரு நொடியும் யோசிக்காமல். "சொந்தத் தொழில் பண்றாங்க. நான் வெறும் சப்ளை."

கேஸ் என்று ஆனால் செல்வமேரிக்கு விடுதி வேலையும் போய்விடும். பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

"என்னம்மா கலந்த தைலத்துல?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? மூடிய ஒட்டித்தான் குடுப்பாரு. தெறக்கக் கூடாதும்பாரு."

பொன்னுவேல் உபகாரத்தின் பக்கம் திரும்பினார். "அவங்க சரக்க அவங்க தெறக்கக் கூடாதா?"

"தரம் கெட்டுரும்ல சார். அந்த விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"வண்டிய எங்க நிப்பாட்டணும்னு யாரு சொல்றது?"

இங்கேதான் உபகாரத்தின் பெருமை அவரை முந்திக்கொண்டது. "நான்தான் சார்! இவங்ககிட்ட விட்டா வெயில் பாத்து நிப்பாட்டுவாங்க. ஜனம் பாத்துல்ல நிப்பாட்டணும்? ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு வரணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், நேத்துக்கூட லேட்டு. உக்காந்தா ஏவாரம் நடக்குமான்னு கேளுங்க. இந்த ஸ்வெட்டர் இருக்கே, நாலு பேருக்கும் ஒரே நீலம், என் ஐடியா. காச அவங்க பங்குல பிடிச்சுக்கிட்டேன், அது வேற."

கான்ஸ்டபிள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிற்று.

"அப்ப இந்தம்மா உங்ககிட்ட வேல பாக்குறாங்க," என்றார் பொன்னுவேல். "உங்க ஆளு. கலப்படக் கேஸும் உங்க மேலதான்."

உபகாரத்தின் பார்வை மூலையிலிருந்த லாக்கப் கம்பிமேல் போய் நின்றது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த வாய் நின்றது. பிறகு வேறு பக்கமாக ஓடியது.

"ஐயோ, இல்லைங்க சார்! மாதா மேல சத்தியம். தொழில் அவங்களது. சரக்கு அவங்களது. நான் யாரு சார் நடுவுல?"

"வண்டி?"

"வண்டியும் அவங்களது."

"நிக்கிற எடம்?"

"எல்லாமே சார். எனக்கு ஒரு பாத்தியதையும் கெடையாது."

செல்வமேரி குறுக்கே புகுந்தாள். "சார், அத இன்னொருதடவ சொல்லச் சொல்லுங்க. இங்க நிக்கிற எல்லாரும் கேக்கட்டும்."

உபகாரம் இன்னொரு தடவை சொன்னார். முன்னைவிட உரக்கவே சொன்னார்.

அவள் பெஞ்சில் சட்டையைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனாள். "ஐயா, என் வண்டியில வாங்கித்தான் உங்களுக்குப் புண்ணாச்சு. தெரியாம வித்துட்டேன். வித்தவ நான், அந்த மட்டுக்கும் நான் பொறுப்பு. வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." போகிறதுக்கு முன்னால் வண்டியிலிருந்த புட்டிகளில் ஒன்றை மட்டும் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஸ்டேஷன் பின்னால் குழி தோண்டிக் கொட்டினாள். உபகாரம் ஒவ்வொரு புட்டிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு முடிகிறவரை அவள் பெரியவர் பக்கத்திலேயே இருந்தாள். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும், கேஸ் எழுதவா என்று பொன்னுவேல் கேட்டபோது பெரியவர் மகனை அதட்டினார். "இந்தப் பொண்ணு மேல கேஸ் போட்டா எனக்கு நெஞ்சு இன்னும் எரியும்டா. ஊருக்குக் கிளம்பு." பொன்னுவேல் மட்டும் அந்தப் புட்டியை உபகாரத்தின் மூக்கருகே கொண்டுபோய், இனி இந்த வாசம் ஏரிப்பக்கம் வந்தால் சப்ளைக்காரர் உள்ளே இருப்பார் என்று சொல்லி அனுப்பினார்.

தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்கிய உபகாரம், மறுநாள் வழக்கம்போலக் குடையோடு ஏரிக்கு இறங்கினார். வண்டி வழக்கமான வளைவில் இல்லை. எதிர்ப்பக்கம், நல்ல வெயிலில் நின்றது. செல்வமேரி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீல ஸ்வெட்டரைக் காணோம்.

"ஏ செல்வமேரி! யாரக் கேட்டு வண்டிய இங்க நிப்பாட்டின?"

"முதலாளியக் கேட்டுத்தான் சார்."

பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தவர் விசிறியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். வண்டியில் இருந்தது உபகாரத்தின் தைலம் அல்ல. மேல்மலையில் போளூர்ப் பக்கம் தைலம் காய்ச்சும் தங்கமுத்துவிடம் அவளே பேசி வாங்கியது. மூடி ஒட்டவில்லை, கேட்டவர்களுக்குத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தாள். ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைக் கேட்கலாமா என்று உபகாரம் யோசித்தார். கேட்டால், கூடவே டர்பன்டைனையும் கேட்டு வாங்கவேண்டி வரும்.

சாயங்காலம் மற்ற மூன்று வண்டிக்காரர்களும் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"சார், நாங்க முதலாளியா, ஆளா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லிருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக உபகாரத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வண்டிகளை நினைத்தார். பெருமூச்சு விட்டார். "ஆளுதான்," என்றார், யாரோ செத்த வீட்டில் சொல்வதுபோல. மாதச் சம்பளம் வந்தது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு வந்தது. 'முதலாளி' என்று அவர் அவர்களைக் கூப்பிடுவது அத்தோடு நின்றது. அந்த மரியாதை போய்விட்டதே என்று மூவரில் ஒருவரும் அழுததாகத் தகவல் இல்லை. அழுதது உபகாரம்தான். "மனுசனா மதிச்சேன் கித்தேரி, என்ன சாதாரண முதலாளியாக்கிப்புட்டாங்க," என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். மனதார நம்பித்தான் சொன்னார்.

சிரித்தாயிற்றா? நல்லது. உங்களுக்குத் தைலக்கடை இல்லை, தள்ளுவண்டி இல்லை, யாரையும் முதலாளி என்று ஏமாற்றியதும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவை மட்டும், விருந்தாளிகள் வந்த அன்றைக்கு, "இவங்க வேலைக்காரங்க இல்ல, எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி" என்று நீங்கள் அறிமுகப்படுத்தியதாகக் கேள்வி. மெத்தச் சரி. இதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சமையலறைக்குள் போங்கள். அந்த 'உங்கள் வீட்டில் ஒருத்தி' சாப்பிடுகிற தட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.