பூண்டுக் கடையில் இந்தியப் பெருங்கடல்

பார்க்காத இடத்தைப் படம் போட்டு விளக்குவோர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. வாலோ கொம்போ கிடையாது. "இங்க பாருங்க" என்று ஒருவர் கை நீட்டினால் அவர்தான். ஓடிவிடுங்கள்.

கொடைக்கானல் கடைத்தெருவில் பூண்டு விற்கும் அப்துல் குத்தூஸ் மலையடிவார வத்தலக்குண்டைத் தாண்டியதில்லை, கடலைக் கண்டதில்லை. ஆனால், கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் அடித்தரையை அளக்கின்றன என்று பத்திரிகையில் வந்த நாள் முதல், பூம்பாறைப் பூண்டு மூட்டைகளை அவிழ்த்துக் கடை நடுவே நீளமாகக் குவித்து, இதுதான் கடலடி மலைத்தொடர் என்று சொல்லி, அதன் முகட்டை விரலால் கீறி, இந்தப் பிளவு வழியாகத்தான் நெருப்புக் குழம்பு பொங்குகிறது என்று கண்ணை உருட்டுவார். வியாபாரமா? அது எங்கே நடக்கும்?

"பாய், அரை வீசை பூண்டு குடுங்க. அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்பாள் இருளாயி.

"அதுல கை வைக்காத தாயி! மலைத்தொடர் சரிஞ்சுரும்."

"எங்கொழம்புல வந்து சரியட்டும். வெரசாப் போடுங்க."

மகள் சபுராவுக்கு வந்த வத்தலக்குண்டுச் சம்பந்தமும் இப்படித்தான் முறிந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம், கடலென்று வைத்துக்கொண்டால் கொடைக்கானல் ஆழமில்லாத கரைத்திட்டு, மலைச்சாலை கடலடிச் சரிவு, வத்தலக்குண்டு அடியிலுள்ள சேற்றுச் சமவெளி என்று விளக்கினார். "எங்கள சேத்துலயா தள்ளுறீக?" என்று எழுந்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது கீழக்கரைச் சம்பந்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒலியுல்லா, படகுகளுக்குச் சொந்தக்காரர்.

"கடலப் பத்தி ஒரு சொல்லு, இந்தப் புள்ள வாழ்க்கை போச்சு" என்று, அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, மனைவி பதுருன்னிசா கணவர் வாயில் வெற்றிலையைத் திணித்தாள். மனிதர் மென்றார். வியர்த்தார். வாய்க்குள் எரிமலை முட்டியது. மகளுக்காக அடக்கிக்கொண்டார்.

ஒலியுல்லா அன்றுதான் முதன்முதலாக மலையேறியவர். வளைவுக்கு வளைவு பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தியெடுத்தவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, மலைன்னா என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும். இங்க பாருங்க..."

குத்தூஸ் வெற்றிலையை அப்படியே விழுங்கினார். "மொதல்ல கடலுக்கு அடியில என்ன கெடக்குன்னு நீங்க தெரிஞ்சுக்கங்க!"

ஒருவர் மலைக்காரருக்கு மலையை விளக்க, மற்றவர் கடற்காரருக்குக் கடலை விளக்க, இருவரும் ஒரே நேரத்தில் பேச, பிரியாணி ஆறியது. அடுப்படியில் பதுருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளையின் தாய் ரோஷன் பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அழுவுறீங்க? முப்பது வருசமா அவரு வெளக்கத்த நான் ஒருத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் அவருக்கு ஆளு கெடச்சிருக்கு. இந்தச் சம்பந்தத்த விட மாட்டேன், இப்பவே நாள் குறிங்க!"

நாள் குறித்தார்கள். ஆண்கள் இருவருக்கும் மறுநாள்தான் தெரிந்தது.

சரி, நீங்கள் அந்த இனமில்லையே? கரைத்திட்டு, சரிவு என்று குத்தூஸ் சொன்ன இடத்தில், "அது அப்படியில்லை" என்று உங்கள் உதடு அசைந்ததே, கவனித்தேன். கடல் பார்த்திருக்கிறீர்களா? அடித்தரையை? பூண்டு இருக்கும் பக்கம் போகாதீர்கள்.