ஐம்பத்தெட்டு வயது ஆண்

பித்தளைச் செம்பு ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு நின்ற சத்தம். கணினிக்காரருக்கு அப்போது பதினொரு வயது. குளியலறையில் அப்பா விழுந்து கிடந்தார். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் செய்தித்தாளால் விசிறினார். எல்லோரும் கத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். துண்டும் செருப்பும் மட்டும் திரும்பி வந்தன.

அதனால்தான் கணினி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே சபதம் எடுத்தார். சுகாதாரத் தொண்டர்களுக்கு ஒரு முதலுதவிச் செயலி! என்ன ஆபத்து என்று தட்டினால், என்ன செய்ய வேண்டும் என்று போன் படிப்படியாகச் சொல்லும். அவர் மனைவியே அந்த வட்டாரத்தின் மூத்த தொண்டர். தெருவே அவளை 'பேண்டேஜ் அக்கா' என்று கூப்பிடும். அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். வெட்டுக்காயம் முடிந்தது. தீக்காயம் முடிந்தது.

நெஞ்சுவலிப் பக்கத்துக்கு வந்தபோது அவருக்கே நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக.

சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் துண்டும் செருப்பும். சொல்லாமலே வைத்தியம் கேட்டுவிட்டால்? தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்தார், வலது கையால். இடது கை மரத்திருந்தது.

"ஒரு கேஸ் எழுதணும்," என்றார். "ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை. நெஞ்சுல பாரம்."

அவள் பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எப்போ வருது?"

"மாடி ஏறும்போது. பன்னண்டாவது படியில."

"நம்ம மாடியும் அங்கதான் திரும்புது."

"எல்லா மாடியும் எங்கயாவது திரும்பத்தானே செய்யும்!"

"வேர்க்குதா?"

"பனியன் தொப்பலா நனையுது."

"பெண்டாட்டிகிட்ட சொன்னாராமா?"

"சொல்லமாட்டார். தைரியசாலி."

"அவ எப்படி?"

"நல்லவதான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதை விடு, வீட்டிலயே என்ன பண்ணலாம்?"

"முதல்ல உட்கார வைக்கணும். உட்காருங்க, செயலிக்குப் படம் வேணுமில்ல?"

உட்கார்ந்தார்.

"சட்டையைத் தளர்த்தணும்."

தளர்த்தினார்.

"அசையக்கூடாது. இந்தச் சிவப்புப் பொத்தான் எதுக்கு?"

"அழுத்தினா எல்லாத் தொண்டருக்கும் தகவல் போகும். ஆனா இன்னும் சோதிச்சுப் பார்க்க..."

அழுத்திவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் பதினொரு பெண்கள் படியேறி வந்தார்கள். ஒருத்திக்குத் தலையில் பாதிதான் சாயம். நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள்.

"இது சோதனைம்மா! வெறும் சோதனை!"

"சோதனை நல்லா வேலை செய்யுதுண்ணா," என்றாள் பாதிச் சாயக்காரி.

நாற்காலி படியிறங்கியது. மனைவி பக்கவாட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றார் மெல்ல.

"நேத்து. உங்க பனியனைத் துவைக்கிறது யாருன்னு நினைச்சீங்க? நேரா கேட்டா இல்லைன்னுதானே சொல்லியிருப்பீங்க!"

குரலில் கேலி இருந்தது. பிடித்த கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் பதினான்கு வருஷம் இருந்தார்.

அவள் மூன்றாம் வருஷமே போய்விட்டாள். அவளுக்கும் நெஞ்சுதான், யாரிடமும் சொல்லவில்லை.