இதுவரை எவரும் வாசிக்காத ஆடு

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தீர்கள்? ஞாபகம் இல்லையா? தலைகுனிய வேண்டாம். இலக்கியத்தைக் கட்டிக் காத்து வருபவர்களில் நீங்களும் ஒருவர்.

எழுத்து தோன்றிய நாள் முதல் அதைக் கெடுத்து வந்தவர்கள் வாசகர்கள்தாம். புத்தகத்தின் மூலையை மடித்தார்கள். பக்கத்தில் குழம்பு சிந்தினார்கள். படித்து முடித்துவிட்டு, 'நடுவுல கொஞ்சம் இழுக்குது' என்றார்கள். இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டிய பெருமை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தையே சேரும். குறிப்பாக, 'தென்கோடிச் சுடர்' என்னும் மின்னிதழை. அதில் என் கதை 'ஏற்கப்பட்ட' வரலாற்றை வருங்காலத் தலைமுறையின் நன்மை கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

என் பெயர் ஹேமநாதன். சொந்த ஊர் கெடாவில், சுங்கைப்பட்டாணி பக்கம். பிழைப்பு மூவாரில், ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் உப்புத்தாள் பிரிவில். நாள் முழுக்க நாற்காலிக் கால்களைத் தேய்க்கிறேன். எழுதச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. தேநீர் இடைவேளையில் அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் உட்கார்ந்து, கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதி, பிடிக்காததை அழித்து, நானே கற்றுக்கொண்டேன். அழிப்பதில் இப்போது நல்ல தேர்ச்சி.

என் வாசகர் வட்டம் மொத்தமே ஓர் ஆள். என்னோடு அறையில் தங்கியிருக்கும் மைக்கல். போர்க்லிப்ட் ஓட்டுகிறான். சொந்த ஊர் ரயில் நிற்கும் சின்ன ஊரான லாயாங் லாயாங்.

மைக்கலின் அப்பா லூர்துசாமி ஓர் ஆடு வளர்த்தார். ஆட்டின் பெயர் ஜாக்லின். அந்தப் பெயரை எங்கிருந்து பிடித்தார் என்று அவர் மனைவி செல்வராணி ஆண்ட்டி கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தாராம். ஒரு நாள் ஜாக்லின் ஸ்டேஷனில் நின்ற ரயிலில் தானாக ஏறி குளுவாங் போய்விட்டது. லூர்துசாமி அடுத்த ரயிலில் பின்னாலேயே போனார். திரும்பும்போது அதைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். டிக்கெட் பரிசோதகர், "இது யாரு?" என்று கேட்டிருக்கிறார். இவர், "ஜாக்லின்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

லூர்துசாமி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு அந்த வீட்டில் இந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை. மைக்கல் எனக்குச் சொன்னான். நான் எழுதினேன். அவன் படித்துவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தான். மறுபடி படித்தான்.

"டேய் எழுத்தாளரே, இத அம்மா படிக்கணும்."

"இப்பவே வாட்சாப்ல அனுப்பவா?"

"சும்மா அனுப்பாத லா. பேரு போட்டு, படம் போட்டு, எல்லாரும் பாக்குற எடத்துல வரணும். அம்மா கோயில்ல நாலு பேருக்குக் காட்டணும். 'எங்க வீட்டுக்காரரு கதை வந்திருக்கு'ன்னு."

ஆக, மைக்கலின் அம்மாவுக்காக ஒரு கதை ஏற்கப்பட வேண்டியதாயிற்று. நான் 'தென்கோடிச் சுடர்' பக்கம் திரும்பினேன்.

'சுடர்' படைப்புகளை அப்படியே வாங்கிவிடாது. அதற்கென்று பதினான்கு விதிகள் உண்டு. கோட்டு அணிந்த புகைப்படம் வேண்டும். இருநூறு சொற்களில் 'ஆளுமைக் குறிப்பு' வேண்டும். வாட்சாப் குழுவில் சேர்ந்து, தினமும் பத்துப் படைப்பாளிகளையாவது வாழ்த்த வேண்டும். நான் தொழிற்சாலைக் கணக்காளரிடம் கோட்டு இரவல் வாங்கிப் படம் எடுத்தேன். நாற்காலிக் கால் தேய்ப்பவனுக்கு இருநூறு சொல் ஆளுமை ஏது? 'மரத்துறை நுண்வழவழப்பாளர்' என்று தொடங்கி ஒருவழியாக நிரப்பினேன். தினமும் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பத்துப் பேருக்கு 'அருமை', 'மிக அருமை', 'மிக மிக அருமை' என்று மாற்றி மாற்றிப் போட்டேன். அவர்கள் எழுதியதைப் படித்தேனா என்று கேட்கிறீர்களா? பஸ் ஆறு நிமிடத்தில் வந்துவிடும்.

மூன்றாம் வாரம் 'ஏற்புக் குழு'ச் செயலாளர் பிரேமலா அழைத்தார்.

"தம்பி, உங்க படைப்பு கிடைச்சிருச்சு. ரொம்ப நேர்த்தி."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எந்த எடம் மேடம் பிடிச்சிருந்துச்சு?"

"ஓரம். நாலு பக்கமும் சரியா ஒரே அளவு ஓரம் விட்டிருக்கீங்க. இப்பல்லாம் யாரு விடுறா? சரி, விதி ஏழு பாத்தீங்களா? 'இப்படைப்பு இதற்கு முன் எங்கும் வெளியிடப்பட்டிருக்கவோ, எவராலும் வாசிக்கப்பட்டிருக்கவோ கூடாது.' யாரும் படிக்கலதானே?"

நான் உண்மை பேசினேன். தனியாகவே எழுதக் கற்றுக்கொண்டவன், இது போன்ற இடங்களில்தான் மாட்டிக்கொள்வான்.

"என் ரூம்மேட் படிச்சான் மேடம்."

"அலமாக்! ஏன் தம்பி அப்படிப் பண்ணீங்க?"

மறுநாள் மாலையே அவசரக் கூட்டம் கூடியது, இணையவழியில். தலைமை ஆசிரியர் திருச்செல்வம் ஐயா, சிங்கப்பூர் வேலை முடிந்து ஜொகூர் திரும்பும் பாலத்து நெரிசலில் காருக்குள்ளிருந்து தலைமை வகித்தார். கார் நகராததால் கூட்டமும் நகராமல் நடந்தது.

"அவரு முழுசா படிச்சாரா, இல்ல மேலாப்புல பாத்தாரா?" என்றார் ஐயா.

"முழுசா சார். ரெண்டு தடவ," என்றேன்.

"ரெண்டு தடவயா!" ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "பிரேமலா, நம்ம சுடர் ஆரம்பிச்சு நாலு வருஷத்துல இப்படி ஒண்ணு நடந்திருக்கா?"

"இல்ல சார். நம்மது சுத்தமான ரெக்கார்டு."

"படிச்சவரு ஏதாச்சும் ரியாக்ஷன் காட்டினாரா தம்பி?"

"சிரிச்சான் சார்."

ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. கார் நான்கடி முன்னால் போனது. அந்த நான்கடியில் அவருக்கு வழியும் பிறந்துவிட்டது.

"ஒண்ணு பண்ணுங்க. அவர ஒரு சூராட் அக்குவான் எடுக்கச் சொல்லுங்க. சத்தியப் பத்திரம். படிக்கலன்னு ஆபீசரு முன்னாடி சைன் வச்சு, முத்திரை சாப் அடிச்சு, கதையோட சேத்து அனுப்புங்க. சாப் இருந்தா நம்ம தலையில எதுவும் விழாது."

அறைக்கு வந்து மைக்கலிடம் சொன்னேன். அவன் வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமல் என்னையே பார்த்தான்.

"நான் கோயில்ல போயி பாவமன்னிப்பு கேட்டாலே, பண்ணது பண்ணலன்னு ஆகாதுடா. இந்தாளு சாப் அடிச்சா ஆயிருமா?"

"அம்மாவுக்காகடா."

"அம்மாவுக்காகப் பொய்ச் சத்தியம். நல்லா இருக்கு லா உங்க இலக்கியம்."

ஆனாலும் சனிக்கிழமை வந்தான்.

மூவாரில் சத்தியம் வாங்கும் ஆணையரின் அலுவலகம் ஒரு மீ பண்டுங் நூடுல்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. ஆணையர் வயதான மலாய்க்காரர். தொலைந்த அடையாள அட்டைகளுக்கும், கார் பெயர் மாற்றத்துக்கும் முப்பது வருடமாகச் சத்தியம் வாங்கியவர். எங்கள் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"கதை படிக்கலன்னு சத்தியமா?" என்றார் மலாயில். "திருட்டுக் கதையா?"

"இல்ல பாக்சிக். ஆட்டுக் கதை."

"என்ன ஆடு?"

மைக்கலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தான் படிக்காத அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னான். ஆடு ரயில் ஏறுவதை எழுந்து நின்று நடித்துக் காட்டினான். டிக்கெட் பரிசோதகர் வந்த இடத்தில் ஆணையர் மேசையைத் தட்டிச் சிரித்தார். முத்திரைக் கட்டை கீழே விழுந்து உருண்டது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, "இத எப்படிப்பா படிக்கலன்னு எழுதுறது?" என்றார்.

பிறகு அவரே ஒரு வாசகத்தைத் திருத்திக் கொடுத்தார். அதன்படி, மேற்படி மைக்கல் த/பெ லூர்துசாமி, மேற்படி கதையை 'இத்தேதி முதல் வாசிக்காதவராக இருப்பார்' என்று உறுதியளித்தார்.

"இது போலே," என்றார் ஆணையர். மலாயில், செல்லும் என்று அர்த்தம். சாப் விழுந்தது.

சத்தியத்தை மைக்கல் கடுமையாகக் கடைப்பிடித்தான். அன்று மாலை ஒரு வரியில் எனக்குச் சந்தேகம் வந்தது.

"மைக்கல், ஆட்ட ஜன்னல் சீட்டுல உக்கார வச்சாருன்னு போட்டிருக்கேனே, சரியா?"

"எந்த ஆடு?" என்றான் அவன், சட்டையை மடித்துக்கொண்டே.

இப்படியாக, இருந்த ஒரு வாசகரும் இல்லாமல் போய், என் கதை 'ஏற்புக்கு'த் தகுதி பெற்றது. கதை ஒரு கோப்பு, பத்திரம் ஒரு கோப்பு. இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன்.

பத்தாம் நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசி நடுங்கிக்கொண்டிருந்தது. தங்கச் சட்டத்துக்குள் என் கோட்டுப் படம். மேலே 'கதைச்சுடர்' பட்டம். கீழே மின்சான்றிதழ். அதற்கும் கீழே கதைக்கான இணைப்பு. வாழ்த்துகள் கொட்டத் தொடங்கின.

'கண்கள் குளமாயின.'

'தெளிந்த நீரோடை போன்ற நடை.'

'இறுதித் திருப்பம் எதிர்பாராதது. மிக மிக அருமை.'

'பிறமொழி கலவாத தூய தமிழ். தொடர்க தங்கள் பணி.'

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன். இருநூறு நன்றிகள். கெடாவை விட்டு வந்த ஏழு வருடத்தில் ஒரே மாலையில் இத்தனை பேர் என்னோடு பேசியதில்லை. கட்டைவிரல் வீங்கிவிட்டது. இணைப்பைத் திறந்து பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அது என் கதைதானே, எனக்குத் தெரியாதா?

மைக்கல் இணைப்பைத் திறக்காமலே அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். ஏழரைக்கு அவன் போன் அடித்தது. செல்வராணி ஆண்ட்டி. அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"தம்பி ஹேமா, அம்மா கண்ணாடி போட்டு மூணு தடவ படிச்சிட்டேன். ஆட்டக் காணோமே?"

"நல்லா பாருங்க ஆண்ட்டி. ரெண்டாவது பாராவுல வருது."

"ரெண்டாவது பாராவுல என் மவன் ஐசி கார்டு நம்பருதான்யா வருது. பூரா மலாய்ல இருக்கு. கீழ சாப் அடிச்சிருக்கு. இவன் எதுக்கு சத்தியம் பண்ணியிருக்கான்? போலீஸ் கேசா? டேய் மைக்கலு, போர்க்லிப்ட கொண்டு எவன் மேலயாச்சும் ஏத்திட்டியாடா?"

நான் இணைப்பைத் திறந்தேன். 'இதுவரை எவரும் வாசிக்காத ஆடு' என்ற தலைப்புக்குக் கீழே, நேர்த்தியான ஓரங்களோடு, மைக்கலின் சத்தியப் பத்திரம் இருந்தது.

"கோயில்ல நான் என்னத்தய்யா காட்டுறது?" என்றார் ஆண்ட்டி. "ஏற்கெனவே கோயிலுக்கு வர்ற ஐலீன் கிட்ட சொல்லி வச்சிட்டேன்."

மைக்கல் என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினான். கதையைத் தேடி எடுத்தான். சட்டப்படி அவன் பார்த்தே இராத அந்தக் கதையை அம்மாவுக்கு உரக்கப் படிக்கத் தொடங்கினான். ஆடு ஏறியது. ரயில் போனது. டிக்கெட் பரிசோதகர் வந்ததும் ஆண்ட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்க நேரமானது. கடைசியில் மூக்கை உறிஞ்சினார்.

"அப்படியே அவரு பேசுற மாதிரியே இருக்குய்யா. ஆனா ஜன்னல் சீட்டு இல்ல. கதவோரம். 'கதவோரம் உக்கார வச்சேன், காத்து வரட்டும்னு'ன்னுதான் சொல்லுவாரு."

என் எழுத்தைப் பற்றி, ஓரத்தைத் தவிர, எனக்குக் கிடைத்த முதல் கருத்து அதுதான்.

"ஜாக்லின் யாருன்னு எழுதலயா தம்பி?"

"தெரியல ஆண்ட்டி."

"எனக்கும் தெரியாது. அப்படியே விட்டுரு."

ஜன்னலை எடுத்துவிட்டுக் கதவோரத்தைப் போட்டேன். உடனே பிரேமலா மேடத்தை அழைத்தேன்.

"மேடம், கதைக்குப் பதிலா சத்தியப் பத்திரத்தப் போட்டிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"லாயாங் லாயாங்ல ஒரு ஆண்ட்டி. லிங்க் திறந்து படிச்சிருக்காங்க."

"திறந்தா?" அவர் குரல் இறங்கியது. "இருநூறு பேருல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? எழுத்தாளரா?"

"இல்ல மேடம். கையுறை பேக்டரில வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவங்க."

"அதான்."

"நான் சரியான கதைய இப்பவே அனுப்புறேன். ஒரு திருத்தமும் இருக்கு. மைக்கல் படிச்சுக் காட்டினப்போ ஆண்ட்டிதான் சொன்னாங்க."

"மைக்கலா? சத்தியம் பண்ணவரா?"

"ஆமா மேடம்."

"நான் ஐயாகிட்ட பேசுறேன் தம்பி," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அந்தப் பக்கம் நீக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது: 'இப்படைப்பு வாசகர் ஒருவரால் வாசிக்கப்பட்டுவிட்டதால், விதி ஏழின்படி இதன் ஏற்பு ரத்து செய்யப்படுகிறது.' அதற்குக் கீழே இருநூற்றுப் பதினாறு வாழ்த்துகளும் அப்படியே இருந்தன. நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் இன்னும் மூன்று வந்திருந்தன.