நிமிஷத்துக்கு ஆறு மூச்சு

விசில் சத்தத்தில் ராஜராஜேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இழு! உள்ள இழு! நெஞ்ச நிமித்து!" என்றார் சிவசைலம். ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மறு கையில் விசில். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்துவிட்டுப் போன ஆனியில்தான் ஓய்வு பெற்றார். விசில் ஓய்வு பெறவில்லை.

"ஏங்க, டாக்டர் மூச்சப் பைய விடச் சொன்னாவ. நீங்க ஊதுத ஊதுல எனக்கு எந்திரிச்சு ஓடணும்போல வருது."

"பேசாத. கணக்குத் தப்பிரும். இப்ப விடு!"

பத்து நிமிஷம் முடிந்ததும் அவரே மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். தொடங்கும்போது தொண்ணூற்றெட்டு. இப்போது நூற்று நாலு.

"பாத்தியா, உடம்பு சூடு பிடிச்சிட்டு," என்றார் திருப்தியாக.

ராஜராஜேஸ்வரிக்கு ஏழு வருஷமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மடங்கின விரல் நிமிராது. இட்லிக் கொப்பரை மூடியைத் திறப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். மாத்திரையோடு அதையும் பழகிக்கொண்டாள். இந்த வருஷம் புதிதாக நெஞ்சு படபடப்பு வந்து சேர்ந்தது.

பாளையங்கோட்டை டாக்டர் குமரகுருபரன் பொறுமையாகத்தான் விளக்கினார். "இது ஒடம்பு தன்னையே எதிராளின்னு நெனச்சு அடிக்கிற நோயிம்மா. மூட்டோட நிக்காது, இதயத்துக்கும் போகும். கழுத்து வழியா ஒரு நரம்பு எறங்குது. இதயத்துக்கு அதுதான் பிரேக்கு. வெளிநாட்டுல அதக் கரண்ட் வெச்சுத் தூண்டிப் பாக்காங்க. நமக்கு மூச்சு போதும். அஞ்சு எண்ணி இழுங்க, அஞ்சு எண்ணி விடுங்க. நிமிஷத்துக்கு ஆறு. தெனமும் பத்து நிமிஷம் அமைதியா உக்காருங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீய."

மூச்சு விடுவது சுலபம். அமைதியாக உட்காருவதுதான் முடியவில்லை.

மறுநாள், சிவசைலம் குளிக்கப் போன நேரம் பார்த்து, பாத்திரங்கள் அடுக்கிய அரங்கு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். இருட்டில் நாலு மூச்சு சுகமாகப் போனது. ஐந்தாவது மூச்சில் அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் ஞானம்பாள் வந்துவிட்டாள்.

"மதினி! உள்ள என்ன செய்யுதிய?"

ராஜராஜேஸ்வரி மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து எண்ணி முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த ஐந்து எண்ணிக்கையில் ஞானம்பாள் அலறிவிட்டாள்.

"ஐயையோ, சத்தத்தையே காணுமே! மதினி, எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம், கதவத் தெறங்க!"

கதவைத் திறந்தபோது எதிரே பக்கத்து வீட்டுக் கருத்தையா கடப்பாரையோடு நின்றார். பின்னால் இடுப்புத் துண்டோடும் தலையில் சோப்பு நுரையோடும் சிவசைலம். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

"மூச்சுதான் விட்டேன்," என்றாள் ராஜராஜேஸ்வரி.

யாரும் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள், டிரில் மாஸ்டர் பெண்டாட்டியை அடித்துவிட்டார் என்று தெருவே பேசியது. தேற்றுவதற்கென்று வந்த பெண்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. புருஷனின் மானத்தைக் காப்பாற்றத் தன் நோய், நரம்பு, மூச்சுக் கணக்கு எல்லாவற்றையும் அவர்களிடம் விவரமாகச் சொன்னாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

"எனக்குங்கூட மாடி ஏறுனா படபடன்னு வருது," என்றாள் ஒருத்தி.

"எனக்கு ஏறாமலே வருது," என்றாள் ஞானம்பாள்.

சிவசைலத்தின் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது. விசிலைத் துடைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் வகுப்பு. பதினொரு பேர் உயர வரிசையில் உட்கார்ந்தார்கள். ராஜராஜேஸ்வரி கீழே அடுப்படியில் நின்றாள். வகுப்பு முடிந்து இறங்கி வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? ஒவ்வொரு விசிலுக்கும் அவள் நெஞ்சு குதித்தது. பத்து நாளில் நாடி நூற்றுப்பத்தைத் தொட்டது.

"மதினிக்கு மூச்சு ஒத்துக்கிடல," என்று ஞானம்பாள் தீர்ப்புச் சொன்னாள். "பேட்டையில ஒரு ஆளு கரண்ட் வைக்காராம். டாக்டரே கரண்டுன்னு ஏதோ சொன்னாவல்லா?"

டாக்டர் சொன்ன கரண்ட் வேறு. அதை விளக்குவதற்கு ராஜராஜேஸ்வரிக்குத் தெம்பில்லை. தனியாக வெளியே போகலாம் என்பது மட்டும் காதில் விழுந்தது. "போயிட்டு வாரேன்," என்றாள்.

"நானும் வாரேன்," என்று எழுந்த சிவசைலம், உடனே உட்கார்ந்தார். "ஆனா வகுப்ப யாரு பாப்பா?"

பேட்டையில் வைத்தியர் வாசலிலேயே நின்றார். "தொழிற்பேட்டை லைன்ல வேல நடக்கு. கரண்ட் வந்தாத்தானம்மா கரண்ட் வைக்க முடியும்? உள்ள உக்காருங்க." உள்ளே ஒரு பெஞ்சில் ஒன்பது பேர். உட்கார்ந்ததுமே பக்கத்துப் பெண்மணி தன் பித்தப்பையிலிருந்து ஆரம்பித்தாள்.

ராஜராஜேஸ்வரி எழுந்து ரோட்டுக்கு வந்தாள். அம்பாசமுத்திரம் போகிற பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் ஒரு இருக்கை காலியாகத் தெரிந்தது. யோசிப்பதற்குள் ஏறிவிட்டாள்.

சுத்தமல்லி தாண்டியதும் காற்று குளிர்ந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தூரத்தில் மலை. யாரும் மதினி என்று கூப்பிடவில்லை, காப்பி கேட்கவில்லை. கண்ணை மூடினாள். ஐந்து எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட்டாள். சேரன்மாதேவியில் கண் திறந்தபோது, தோளில் ஏழு வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இறங்கி, எதிரே வந்த வண்டியில் திரும்பினாள்.

"கரண்ட் வச்சாச்சா?" என்றார் சிவசைலம்.

"வச்சாச்சு."

அதன்பின் செவ்வாயும் வியாழனும் தவறாமல் கரண்ட் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் நாடி பார்த்தார். எழுபத்தெட்டு. "ரொம்ப நல்லாருக்கு. பயிற்சிய ஒழுங்காச் செய்யுதீயல்லா?"

"எல்லாம் நம்ம விசில்தான் டாக்டர்," என்று சிவசைலம் நெஞ்சை நிமிர்த்தினார். ராஜராஜேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பலபேரு வீட்டுல நேரமில்லங்காங்க," என்றார் டாக்டர். "பத்து நிமிஷ அமைதி கெடைக்காத வீடு உண்டாம்மா? மனசு வைக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவளைக் குத்தியது. ஊரில் எல்லா வீட்டிலும் கிடைக்கிற பத்து நிமிஷம் தன் வீட்டில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான். அதை மறைக்க, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பஸ் ஏறிப் பொய் சொல்லித் திரிகிறாள். இன்றைக்கே கடைசி என்று முடிவு செய்துகொண்டுதான் அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள்.

கண்டக்டர் கொம்பையா டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார். "தப்பா நெனைக்காதீய அக்கா. வாரத்துக்கு ரெண்டு நாளு சேரன்மாதேவி வாரிய, எறங்குன கையோட எதிர் வண்டியில ஏறுதிய. அங்கன என்ன சோலி?"

அவளுக்கு அழுகை முட்டியது. "ஒரு சோலியும் இல்ல தம்பி. பாளையங்கோட்டை குமரகுருபரன் டாக்டர், வீட்டுல பத்து நிமிஷம் அமைதியா இருந்து மூச்சு விடச் சொன்னாவ. மனசு வச்சா எந்த வீட்டுலயும் முடியுமாம். எனக்குத்தான் முடியல."

கொம்பையா முன்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"சத்தமாச் சொல்லாதீய அக்கா. முத சீட்டுல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காவல்லா, அது அந்த டாக்டரோட வீட்டம்மா."